மாற்றத்துக்கான காரணம்

அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கியது நான்தான்.
பதிந்த எண்ணை யார் தொட்டாலும்
மென்பொருள் நின்று கேட்கும்:
மாற்றத்துக்கான காரணம்?
பத்து எழுத்துக்குக் குறைந்தால் நகராது.

பய்சாந்து நகரின் தண்ணீர் ஆய்வகம்.
கீழே ஆறு. அக்கரை வேறு நாடு.
வெள்ளிதோறும் மாலையில், மற்றவர்கள் போன பிறகு,
அந்த வாரத்தின் திருத்தங்களை வாசிப்பேன்.
அழித்தது எதுவும் அழியாது அங்கே;
மேலே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு பெயர்,
மணி, நிமிடம், நொடி.

காரணங்கள் பெரும்பாலும் சோம்பலானவை.
தட்டச்சுப் பிழை. தட்டச்சுப் பிழை.
தட்டச்சுப் பிழையேதான்.
பயிற்சிக்கு வந்த பையன் ஒருமுறை
அஅஅஅஅஅஅஅஅஅ
என்று பத்து அடித்துத் தப்பித்தான்.
‘புள்ளி வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது’
என்று மிர்த்தா எழுதியதை மட்டும்
இரண்டு முறை வாசித்தேன்.

பிப்ரவரி. பாசி ஆற்றைப் பச்சையாக்கிய வாரம்.
மாதிரி எண் 2207.
ஒரு கிராமப் பள்ளியின் கிணறு. நைட்ரேட்.
செவ்வாய் 9:14, மிர்த்தா எச்சவார்னே: 61.
ஐம்பதைத் தாண்டினால் கட்டம் சிவக்கும். சிவந்தது.
11:40, ஒலிவேரா: 16.
காரணம்: இலக்கங்கள் இடம் மாறிவிட்டன.
11:52, மிர்த்தா: 61.
காரணம்: மாறவில்லை, நான் பார்த்தேன்.
14:05, ஒலிவேரா: 16.
காரணம்: மறுபடி பாருங்கள்.
14:06, மிர்த்தா: 61.
காரணம்: மறுபடியும் பார்த்தேன்.
17:58, ஒலிவேரா: 16.
காரணம்: தலைமை ஆய்வாளர் முடிவு.

இருவருக்கும் எதிரெதிர் மேசை.
அன்று முழுக்க அவர்களுக்கு நடுவே
மாத்தே குடுவை போய் வந்துகொண்டிருந்ததை
என் இடத்திலிருந்து பார்த்தேன்.
ஒரே உறிஞ்சுகுழல்.
அவள் வெந்நீர் ஊற்றினாள், அவர் குடித்தார்,
நன்றி சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.
(நன்றி என்றால் இங்கே ‘இனி வேண்டாம்’ என்று பொருள்.)
ஒரு சொல் உரக்க விழவில்லை.
சண்டையெல்லாம் என் பெட்டிக்குள் நடந்தது.

நானே பார்த்துத் தீர்த்துவைக்கலாமென்று
இயந்திரத்தின் மூலக் கோப்பைத் திறந்தேன்.
மின்சாரம் போன எட்டு நிமிடம் அதைத் தின்றிருந்தது:
கோடு ஏறத் தொடங்குகிறது,
அப்புறம் வெள்ளை.
மிர்த்தா திரையில் பார்த்திருக்கலாம்.
திரை சாட்சிக்கு வராது.

புதன் காலை யமந்து வண்டியை எடுத்தான்.
தொண்ணூறு கிலோமீட்டர், பாதி மண்சாலை,
பனிப்பெட்டியில் இரண்டு குப்பிகள்,
மடியில் யாரோ கொடுத்தனுப்பிய முலாம்பழம்.
வியாழன், புது மாதிரி: 58.
கட்டம் சிவந்தது. யாரும் தொடவில்லை.
பள்ளி திறக்க இன்னும் பதினொரு நாள்.

முடிந்ததென்று மூடப் போனேன்.
2207இல் இன்னும் ஒரு வரி இருந்தது.
வியாழன் 19:31, ஒலிவேரா: 61.
காரணம்: அக்டோபரில் இந்தக் கிணற்றுக்குச் சான்று
கொடுத்தது நான். அன்றைக்குக் குப்பிகள் வண்டியிலேயே
மதியம் முழுக்க வெயிலில் கிடந்தன, 44 வந்தது,
சந்தேகம் இருந்தது, இருந்தும் தண்ணீர் இல்லாமல்
பிள்ளைகள் எப்படி என்று கையெழுத்துப் போட்டேன்,
மிர்த்தாவிடம் இதை நேரில் சொல்ல

அத்தோடு அறுந்திருந்தது.
இருநூற்றைம்பது எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தேன்.
குறைத்து எழுதுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த பெட்டி.

அன்றே அதை நாலாயிரமாக நீட்டினேன்.
அமைப்பைத் தொட்டால் என்னையும் கேட்கும். கேட்டது.
‘இடம் போதவில்லை’ என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

பழைய பதிவை நீட்ட மட்டும் வழியில்லை,
அதுவும் நான் வைத்த விதி.
ஒலிவேராவின் வரி
‘சொல்ல’ என்பதிலேயே நிற்கிறது.